சிலோனில் பாதி, கோத்தகிரியில் பாதி: என் படிப்பைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்தது 1966 மார்ச்சில், இலங்கையில் தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். 1976 ஆகஸ்டில் குடும்பத்தோடு இந்தியா வந்தோம், அன்றிலிருந்து கோத்தகிரிப் பக்கம்தான். எஸ்டேட் பால்வாடியில் 28 வருடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேன். பத்தாவதை ஏன் 18 வயதில் எழுதினீர்கள், இடையில் என்ன ஆயிற்று என்று என் தம்பி பிள்ளைகள் கேட்கிறார்கள், பால்வாடியில் என் கையில் வளர்ந்து இப்போது கல்லூரிக்குப் போகிறவர்கள் கேட்கிறார்கள், அப்புறம் கொஞ்ச காலமாக, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வழி கேட்டு வரும் வடநாட்டுத் தொழிலாளர் குடும்பங்களும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நீங்கள் இலங்கைத் தமிழரா, இந்தியத் தமிழரா?

என் பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் 'இந்தியத் தமிழர்' என்று இருக்கிறது. தாத்தாவின் அப்பா காலத்தில் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போன குடும்பம். 1948-இல் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டம் எங்களைப் போன்றவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேர் என்று கணக்குப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். எங்கள் குடும்பம் இந்தியாவின் பங்கில் வந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில வாரம் இருந்து, பிறகு மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறினோம்.

கோத்தகிரிக்கு ஏன் வந்தீர்கள்?

எங்களைப் போல வருகிறவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே தமிழக அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கியது. அதுதான் பிறகு டான்டீ என்று எல்லாரும் சொல்லும் தேயிலைத் தோட்டக் கழகம். அப்பாவும் அம்மாவும் அதில்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள். அங்கே கொழுந்து எடுத்த கை இங்கே இலை பறித்தது.

தோட்டப் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது?

ஒரே நீளக் கட்டடம், தடுப்பு கிடையாது, ஒரே வாத்தியார். ஒன்றாம் ஆண்டு முதல் ஐந்தாம் ஆண்டு வரை அவரே (அங்கே வகுப்பை ஆண்டு என்பார்கள்). ஒரு வரிசைக்குக் கணக்கு கொடுத்துவிட்டு அடுத்த வரிசைக்கு வாசிப்பு நடத்துவார், அவருக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிக்கூடமே கிடையாது.

இலங்கையில் 1945-இலேயே இலவசக் கல்வி வந்துவிட்டது என்று படிக்கிறீர்களே, அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் திட்டம், பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை. உண்மைதான், பெரிய காரியம்தான். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது வெகு காலம் வெளியே இருந்த வெளிச்சம் மாதிரி. 1920-ஆம் ஆண்டுச் சட்டப்படி தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுப்பது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்று விட்டிருந்தார்கள், அதுவும் 10 வயது வரைக்கும்தான். 1960-61இல் உதவி பெறும் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபோதுகூட எங்கள் பள்ளிக்கூடங்கள் தோட்டத்தோடேயே நின்றன. எழுபதுகளில் தோட்டங்களை அரசுடைமையாக்கிய பிறகுதான் ஒவ்வொன்றாக அரசு எடுத்தது. எங்கள் பள்ளி கைமாறியதை நான் பார்க்கவில்லை, அதற்குள் கப்பல் ஏறிவிட்டோம்.

1974-ஐயும் சொல்லிவிட வேண்டும். அரிசி கிடைக்காத வருடம், தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்த காலம். எங்கள் வரிசையில் பாதிப் பேர் வர மாட்டார்கள், கீரையும் கிழங்கும் தேடிப் போயிருப்பார்கள். எந்தக் கல்விக் கொள்கையாக இருந்தாலும் அந்த வருடம் அதை யாரிடம் நடத்த முடியும்?

ஏழு வயது ஆகப் போகும்போதுதான் ஒன்றாம் ஆண்டில் சேர்ந்தீர்களா? ஏன் அவ்வளவு தாமதம்?

1972-இல் அங்கே கல்வியில் பெரிய மாற்றம் கொண்டு வந்தார்கள். அதில் ஒன்று, பள்ளியில் சேரும் வயதை 5-லிருந்து 6 ஆக்கியது. பழைய கணக்குப்படி நான் 1972 ஜனவரியில் சேர்ந்திருக்க வேண்டியவள். புதுக் கணக்கு வந்ததும் வாத்தியார் அடுத்த வருடம் வா என்று அப்பாவைத் திருப்பி அனுப்பிவிட்டார். 1973 ஜனவரியில்தான் என் பெயர் ஏறியது. அங்கே பள்ளி வருடம் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும், இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தச் சீர்திருத்தத்தில் புதுப் பாடத்திட்டம், தொழில் சார்ந்த பாடங்கள் என்று எவ்வளவோ நல்ல விஷயங்கள் இருந்ததாகப் பிறகு தெரிந்துகொண்டேன். எங்கள் தோட்டத்துக்கு அதிலிருந்து வந்து சேர்ந்தது இந்த ஒரு வருடத் தாமதம் மட்டும்தான். 1977-இல் வந்த அரசு அந்த வயதைத் திரும்பவும் 5 ஆக்கிவிட்டது.

உங்கள் அண்ணன் நன்றாகப் படித்தவராமே, அவர் ஏன் படிக்கவில்லை?

இதை எழுத எனக்கு எப்போதும் நேரம் பிடிக்கும்.

அண்ணன் என்னைவிட 6 வயது மூத்தவர். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் ஆண்டு முடித்து, மேலே படிக்கத் தலவாக்கலை டவுனுக்கு நடந்து போன மிகச் சிலரில் ஒருவர். 1972 மாற்றத்தில் இங்கே எஸ்.எஸ்.எல்.சி. மாதிரி இருந்த பழைய சாதாரண தரப் பரீட்சையை எடுத்துவிட்டு, ஒன்பதாம் ஆண்டு முடிவில் தேசியச் சான்றிதழ் என்று ஒரு புதுப் பரீட்சையை வைத்தார்கள். அது முதன்முதலாக நடந்தது 1975 டிசம்பரில், அண்ணன் அந்த முதல் தொகுதியில் எழுதித் தேறினார். எங்கள் லயத்தில் யாரும் அதுவரை எட்டாத உயரம் அது. அப்பா அந்தத் தாளைத் தகரப் பெட்டியில், இந்தியத் தூதரகம் கொடுத்த குடும்ப அட்டைக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டு வந்தார்.

இங்கே அதை எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளியில் காட்டியபோது, இது என்ன பரீட்சை என்று யாருக்கும் தெரியவில்லை. தமிழ்நாட்டில் அப்போது பதினொன்றாவதுதான் எஸ்.எஸ்.எல்.சி. ஒன்பது வருடம் முடித்தவன் என்றால் பத்தாவதில் போட வேண்டும். இங்கிலீஷ் தேறாது, எட்டாவதில் வேண்டுமானால் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அண்ணனுக்கு 16 வயது, மீசை அரும்பிவிட்டது. 13 வயதுப் பிள்ளைகளோடு உட்கார முடியாது என்று சொல்லிவிட்டு மறுநாளே நாற்றங்கால் வேலைக்குப் போனார்.

சரி, இங்கேதான் மதிப்பில்லை, அங்கேயாவது அந்தத் தாளுக்கு மதிப்பு இருந்திருக்குமே என்று கேட்டால், 1977-இல் அங்கே ஆட்சி மாறியது, புது அரசு அந்தத் தேசியச் சான்றிதழையே எடுத்துவிட்டுப் பழைய சாதாரண தரத்தைத் திரும்பக் கொண்டு வந்தது. அண்ணன் ராத்திரி ராத்திரியாகக் குப்பி விளக்கில் படித்து எழுதிய பரீட்சை, சில வருடங்களுக்குள் இரண்டு நாட்டிலும் இல்லாமல் போயிற்று. படிக்காதவர் என்று யாராவது அண்ணனைச் சொன்னால் எனக்குப் பொறுக்காது, அதற்குக் காரணம் இதுதான்.

1976 ஆகஸ்டில் வந்த நீங்கள் ஏன் 1977 ஜூனில்தான் பள்ளியில் சேர்ந்தீர்கள்?

இரண்டு காரணம். ஒன்று, இங்கே பள்ளி ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடியும். பாதியில் சேர்க்க முடியாது, அடுத்த ஜூனில் வாருங்கள் என்றார்கள். இன்னொன்று டி.சி. அங்கே அதற்குப் பெயர் விடுகைப் பத்திரம். புறப்படும் அவசரத்தில் அண்ணனுக்கு மட்டும் வாங்கினோம், பொம்பளைப் பிள்ளை, நாலாம் ஆண்டுதானே என்று எனக்கு வாங்கவில்லை. பிறகு அத்தைக்குக் கடிதம் எழுதி, அத்தை வாத்தியாரைத் தேடிப் பிடித்து, அந்தத் தாள் தபாலில் வந்து சேர அடுத்த வருடம் பிறந்துவிட்டது. அதுவரை வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டேன்.

நாலாம் ஆண்டில் பாதி வரை படித்த என்னை நாலாவதிலேயே போட்டார்கள். அப்போது எனக்கு 11 வயது முடிந்திருந்தது.

மொத்தம் எத்தனை வருடம் போயிற்று?

மூன்று. இதை நான் பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். இங்கேயே பிறந்திருந்தால் 1971 ஜூனில் ஒன்றாவது சேர்ந்து, 1977 ஜூனில் ஏழாவது போயிருப்பேன். அங்கே 1973 ஜனவரியில் சேர்ந்ததில் ஒன்றரை வருடம் போயிற்று. இங்கே காத்திருந்ததிலும், விட்ட வகுப்பிலேயே திரும்பப் போட்டதிலும் இன்னொரு ஒன்றரை வருடம். ஆளுக்குப் பாதி. ஒப்பந்தத்தில் மனிதர்களைப் பங்கு போட்ட மாதிரியே என் வருடங்களையும் இரண்டு நாடுகளும் சரிபாதியாக எடுத்துக்கொண்டன.

அங்கேயும் தமிழ், இங்கேயும் தமிழ். அப்புறம் மொழியில் என்ன கஷ்டம்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். நான் கொப்பி என்றால் சிரிப்பார்கள், இங்கே அது நோட்டு. சப்பாத்து என்றால் ஷூ. அதிபர் என்று தலைமை ஆசிரியரைச் சொன்னேன், நாட்டுக்குத் தலைவரா என்றார்கள். இதெல்லாம் இரண்டு மாதத்தில் சரியாகிவிடும் விஷயங்கள். அதோடு எங்கள் பள்ளியில் பாதிப் பேர் படுகர் வீட்டுப் பிள்ளைகள், மைதானத்தில் அவர்களுக்குள் தங்கள் மொழியான படுகு பேசிக்கொள்வார்கள், வகுப்புக்குள் வந்தால் தமிழ். வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று இருக்கிற கஷ்டம் அவர்களுக்கும் தெரிந்திருந்ததால்தானோ என்னவோ, எனக்கு முதல் சிநேகிதிகள் அவர்கள்தான்.

உண்மையான கஷ்டம் இங்கிலீஷ். இங்கே மூன்றாவதிலேயே தொடங்கிவிடுவார்கள். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷே கிடையாது. நாலாவது வகுப்பில் ஒரு டீச்சர் தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் என்னை உட்கார வைத்து ஏ, பி, சி, டி எழுத வைத்தார். எந்த அரசாணையும் அவரை அதைச் செய்யச் சொல்லவில்லை. நான் பிறகு பால்வாடிக்குப் போனதே அந்தப் பத்து நிமிடத்தால்தான் என்று நினைக்கிறேன்.

எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது நீங்கள் பள்ளியில் இருந்தீர்களா?

இருந்தேன், ஐந்தாவது. 1978 அக்டோபரில் தமிழக அரசு பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஆணை போட்டது. லை, ளை, ணை, னை எல்லாம் அதுவரை தும்பிக்கை போட்டு எழுதுவோம், றா, ணா, னா வேறு மாதிரி சுழிப்போம். மொத்தம் 13 எழுத்து மாறியது. அது படிப்படியாகப் பாடப் புத்தகத்துக்கு வந்தது. மற்ற பாடங்களில் எல்லாரையும்விட நான் பின்னால், இதில் மட்டும் வகுப்பு முழுக்க ஒரே இடத்தில் நின்றோம். டீச்சரே பழைய 'னை' எழுதிவிட்டு அழித்தார். அந்த வருடம் அத்தைக்கு நான் எழுதிய கடிதத்தைப் பார்த்துவிட்டு, இந்தியாவில் எழுத்துகூட வேறா என்று அத்தை மகன் பதில் எழுதியிருந்தான், அங்கே அப்போது பழைய எழுத்துதான்.

வரலாற்றுப் பாடம்?

அண்ணனின் சமூகக் கல்விப் புத்தகத்தை நான் எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறேன். அதில் தமிழ் மன்னன் எல்லாளனை வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு வீரன், சோழர்கள் படையெடுத்து வந்து அநுராதபுரத்தை அழித்தவர்கள். இங்கே வந்தால் அதே சோழர்கள், ராஜராஜன், ராஜேந்திரன், ஈழம் கொண்டவர்கள் என்று பெருமையாக. குழப்பமாக இருந்தது, யாரிடமும் கேட்கவும் பயம். இப்போது யோசித்தால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான் என்று படுகிறது. ஒரே ஊரில் இருந்து படித்தவர்களுக்கு ஒரு புத்தகம்தான் வரலாறு, எனக்கு சின்ன வயதிலேயே இரண்டு புத்தகம் கிடைத்தது.

பத்தாவதுக்கு மேலே?

1978-இல் இங்கேயும் முறை மாறி, பழைய பதினொன்றாவதும் கல்லூரி பி.யு.சி.யும் போய் பிளஸ் ஒன், பிளஸ் டூ வந்தது, முதல் பிளஸ் டூ தேர்வு 1980-இல். இந்த மாற்றம் எனக்கு உதவியது என்று மனதார சொல்வேன். பி.யு.சி. இருந்திருந்தால் கல்லூரியைத் தேடி ஊட்டிக்கோ கோயம்புத்தூருக்கோ போக வேண்டும், வீட்டில் விட்டிருக்கவே மாட்டார்கள். பிளஸ் டூ பள்ளியிலேயே என்பதால் கோத்தகிரிக்கு பஸ்ஸில் போய் 1986-இல் முடித்தேன், 20 வயது. சத்துணவைப் பற்றியும் கேட்பார்கள், 1984-இல் அதை 15 வயது வரை நீட்டித்தபோது எனக்கு 18, தம்பிதான் சாப்பிட்டான்.

அடுத்து நின்றது சாதிச் சான்றிதழில். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க அது வேண்டும். எங்களிடம் இருந்த இலங்கைத் தாள்களில் 'இந்தியத் தமிழர்' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. பூர்வீக கிராமத்திலிருந்து அத்தாட்சி கொண்டு வா என்றார்கள். அப்பாவுக்கு கிராமத்தின் பெயர் மட்டும் தெரியும், மூன்று தலைமுறைக்கு முன் போனவர்களை அங்கே யார் அடையாளம் சொல்வது? அலைந்து முடிப்பதற்குள் கடைசித் தேதி இரண்டு முறை போயிற்று. அதற்குப் பிறகு நான் எழுதிப் போடவில்லை. பால்வாடி வேலைக்கு பிளஸ் டூ போதும் என்றார்கள், சேர்ந்துவிட்டேன். பி.ஏ. மட்டும் பிறகு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் படித்தேன்.

இரண்டு நாட்டில் எது நல்ல கல்வி கொடுத்தது?

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. தோட்டத்தில் நான் படித்த காலத்தில் கொடுக்கவில்லை, இன்று அதே மலையில் அரசுப் பள்ளிகளும் பட்டதாரிகளும் இருக்கிறார்கள். இங்கே எனக்கு பிளஸ் டூ கிடைத்தது, அண்ணனுக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். கொள்கை எழுதுகிறவர்கள் ஒரே இடத்தில் நிற்கிற பிள்ளையை மனதில் வைத்து எழுதுகிறார்கள். இடம் மாறுகிற பிள்ளைக்கு நல்ல மாற்றமும் கெட்ட மாற்றமும் ஒன்றுபோலவே தடுக்கி விடுகிறது.

இதை ஏன் இப்போது எழுதுகிறீர்கள்?

எங்கள் பழைய லைன் வீடுகளில் இப்போது ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் அம்மா கூடை மாட்டிய மாதிரியே அந்தப் பெண்கள் மாட்டிக்கொண்டு போகிறார்கள், மூத்த பிள்ளை சின்னதைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறது. போன வருடம் ஒரு பத்து வயதுப் பெண் பிள்ளையை, டி.சி. இல்லை, வருடத்தின் பாதி போய்விட்டது, ஜூனில் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அதே வார்த்தை, அதே வயது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்படித் திருப்பி அனுப்பலாமா?

கூடாது. என் காலத்தில் இதைச் சொல்ல எங்களுக்கு ஒரு சட்டம் இல்லை, இப்போது இருக்கிறது. 2009-இல் போட்ட கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில். 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்கு. அதில் நான்கு பிரிவுகளை நான் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

நாலாம் பிரிவு, பிள்ளை எந்த வகுப்பில் நின்றிருந்தாலும் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், மற்றவர்களோடு சேர்ந்து வர சிறப்புப் பயிற்சியும் கொடுக்க வேண்டும். 14 தாண்டினாலும் எட்டாவது முடிக்கும் வரை இலவசம். ஐந்தாம் பிரிவு, டி.சி. வரத் தாமதம் என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப் போடவோ மறுக்கவோ முடியாது. பதினாலாம் பிரிவு, வயதுச் சான்று இல்லை என்று மறுக்க முடியாது. பதினைந்தாம் பிரிவு, சேர்க்கைக் காலம் முடிந்த பிறகு வந்தாலும் மறுக்க முடியாது.

நாலாம் பிரிவை முதன்முதலில் படித்தபோது அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசி என்றார்.

சேர்த்தாலும் அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாதே?

தெரியாது. 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தால் பத்தாவது வரை தமிழ் கட்டாயம். அது வேண்டியதுதான், ஆனால் ஆறாவதில் வந்து சேரும் இந்திக்காரப் பிள்ளைக்கு நான் இங்கிலீஷுக்குப் பட்ட பாடுதான். சட்டத்தில் சொன்ன சிறப்புப் பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள், அது கிடைக்கும் வரை நம்மில் யாராவது தினமும் பத்து நிமிடம் உட்காருங்கள். நான் மாலை ஐந்து மணிக்கு உட்காருகிறேன், இப்போது ஏழு பிள்ளைகள்.

இங்கே அகதி முகாமில் வளர்ந்து இலங்கைக்குத் திரும்புகிற பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும்?

புறப்படும் முன்பே டி.சி., மதிப்பெண் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள், சின்னப் பிள்ளைதானே என்று யாருக்கும் விடாதீர்கள். அங்கே சாதாரண தரப் பரீட்சை பதினோராம் வகுப்பில், உயர் தரப் பரீட்சை பதின்மூன்றாம் வகுப்பில், இங்கே பிளஸ் டூ பன்னிரண்டு வருடம்தான், அந்த ஒரு வருட வித்தியாசத்தை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கிருந்து இங்கே வந்து மேலே படிக்கிறவர்கள், சமநிலைச் சான்றிதழ் எங்கே வாங்க வேண்டும் என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜார்க்கண்டு பெண் பிள்ளை சேர்ந்துவிட்டாளா?

சேர்ந்துவிட்டாள். பிரிவுகள் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு நானும் அவள் அம்மாவும் மறுநாள் போனோம், பேச வேண்டியிருக்கும் என்று அண்ணனும் கூட வந்தார். தலைமை ஆசிரியர் வாசித்துப் பார்த்துவிட்டு எந்த வகுப்பில் இருந்தாள் என்று கேட்டார், மூன்றாவதில் நின்றுவிட்டது என்றேன். வயது பத்து, அதனால் ஐந்தாவதில் போடுங்கள் என்று அண்ணன் சொன்னார். ஐந்தாவதில்தான் போட்டார்கள்.